சர்வீஸ் முடிந்தும் முந்துகிற கைக்கடிகாரம்: விட்டுவிடுவதா, திருத்தச் சொல்வதா, திருப்பிக் கொடுப்பதா?

கழுவி, எண்ணெய் போட்டு, சரிபார்த்துத் தரப்பட்ட மெக்கானிக்கல் கைக்கடிகாரம் நாளுக்கு 20 வினாடி முந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்திருப்பவர் முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விடலாம். சர்வீஸ் செய்தவரிடமே கொண்டுபோய்த் திருத்தச் சொல்லலாம். பின்மூடியைத் திறந்து தானே திருத்தலாம். தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு அனுப்பலாம். கடிகாரத்தைத் தொடவே தொடாமல், இரவில் கழற்றி வைக்கும் விதத்தை மாற்றிப் பிழையை ஈடுகட்டவும் செய்யலாம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவும் அதிலுள்ள ஆபத்தும் வெவ்வேறு.

இவற்றுள் எது பொருந்தும் என்பதை 20 என்ற எண் மட்டும் சொல்லிவிடாது. எந்த நிலையில் வைத்தாலும் கடிகாரம் ஏறக்குறைய அதே 20 வினாடிதான் முந்துகிறதா, அல்லது படுக்க வைத்தால் 40 முந்தி, நிற்க வைத்தால் சில வினாடி பிந்தி, எல்லாம் சேர்ந்து சராசரியில் 20 ஆகத் தெரிகிறதா என்பதே தீர்மானிக்க வேண்டியது. முன்னது சில நிமிட வேலை. பின்னது, சர்வீஸில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்பதன் அடையாளம். இந்த வேறுபாட்டைப் பாராமல் எடுக்கும் எந்த முடிவும் குருட்டாம்போக்கில் எடுத்த முடிவுதான்.

எவ்வளவு பிழை நியாயமானது

ஒரு நாளில் 86,400 வினாடிகள் இருக்கின்றன. அதில் 20 வினாடி என்பது 4,320-இல் ஒரு பங்கு. எச்எம்டி ஜனதா போன்ற, மணிக்கு 18,000 துடிப்பு உள்ள சாவி கொடுக்கும் கடிகாரம் ஒரு நாளில் 4,32,000 முறை துடிக்கிறது. அது 20 வினாடி முந்த வேண்டுமானால் அதில் 100 துடிப்பு கூடினால் போதும். முன்னும் பின்னும் சுழலும் பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரத்தையும், அதை ஆட்டுவிக்கும் ஹேர்ஸ்பிரிங் என்ற, தலைமுடி போன்ற ஒரு சுருள்கம்பியையும் நம்பி ஓடுகிற எந்திரத்துக்கு இது மோசமான கணக்கே அல்ல.

தயாரிப்பாளர்களே தங்கள் எந்திரங்களுக்கு என்ன எல்லை வகுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் எதிர்பார்ப்பு சற்று நிதானப்படும். சீக்கோவின் 4ஆர்36 எந்திரத்துக்கு அந்நிறுவனம் சொல்லும் எல்லை நாளுக்கு +45 முதல் −35 வினாடி வரை. 6ஆர்35-க்கு +25 முதல் −15 வரை. மியோட்டா 8215-க்கு +40 முதல் −20, அதைவிட உயர்ந்த 9015-க்கு +30 முதல் −10. சுவிட்சர்லாந்தின் ஈட்டா 2824-2, சாதாரணத் தரத்தில் சராசரியாக ±12 வினாடிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், நிலைக்கு நிலை 30 வினாடி வரை வேறுபாட்டை அனுமதிக்கிறது. இவற்றுக்கு மேலே, 1973-இல் தொடங்கப்பட்ட சிஓஎஸ்சி என்ற சுவிஸ் சோதனை அமைப்பு, 15 நாள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி செல்சியஸ் ஆகிய மூன்று வெப்பநிலைகளில் எந்திரத்தை ஓடவிட்டு, சராசரி −4 முதல் +6 வினாடிக்குள் இருந்தால் குரோனோமீட்டர் என்று சான்று தருகிறது. ரோலெக்ஸ் தன் கடிகாரங்களுக்கு ±2 வினாடி என்கிறது. ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் தரம் 0 முதல் +5 வரை.

ஆகவே 4ஆர்36 எந்திரம் உள்ள சீக்கோ 5 வைத்திருப்பவர் 20 வினாடிக்காகச் சர்வீஸ் மையத்தில் வாதாடினால், நிறுவனத்தின் தாளையே எடுத்துக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எல்லை, ஆலையிலிருந்து வெளியேறும் லட்சக்கணக்கான எந்திரங்களுள் மிக மோசமானதும் அடங்கும்படி போட்ட வேலி. கழுவி எண்ணெயிட்டுத் தனியாக மேசையில் வைத்துப் பார்க்கப்பட்ட ஒரே ஒரு 4ஆர்36-ஐ நாளுக்கு 10 வினாடிக்குள் கொண்டுவருவது கைதேர்ந்தவருக்குக் கடினமல்ல. ஒரு எச்எம்டிக்கு, அதன் உறுப்புகள் தேயாமல் இருந்தால், 20 வினாடிக்குள் என்று எதிர்பார்ப்பதும் பேராசை இல்லை. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய அந்தத் தயாரிப்பு நேர்த்தியானது; அதன் எந்திரங்கள் பெரும்பாலும் வடிவமைப்பால் கெட்டவை அல்ல, பல கைகள் பட்டதால் கெட்டவை.

முடிவுக்கு முன் அளவு

அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. கைப்பேசியின் நேரமே போதும். தொலைக்காட்சியில் ஓடும் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம், டிஜிட்டல் ஒளிபரப்பு சில வினாடி தாமதமாகவே வீட்டுக்கு வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்கவும் தேவையில்லை. சீக்கோ 7எஸ்26 போன்ற எந்திரங்களில், நேரம் திருப்பப் பக்கத்திலுள்ள சாவியை இழுத்தாலும் வினாடி முள் நிற்காது. எனவே கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் கைப்பேசி காட்டும் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே மணிக்கு மீண்டும் குறித்தால் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். முள்ளை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் ஓரிரு வினாடி ஏமாற்றும்.

முக்கியம், எந்த நிலையில் வைத்து அளக்கிறோம் என்பது. முழுதாகச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க ஒரு நாள். டயல் கீழே பார்க்க ஒரு நாள். சாவி கீழ்நோக்கி இருக்க நிற்க வைத்து ஒரு நாள். சாவி இடப்பக்கமாக நிற்க வைத்து ஒரு நாள். சாவி கொடுக்கும் கடிகாரமானால் தினமும் ஒரே நேரத்தில், அதற்குமேல் திரும்பாது என்னும்வரை சாவி கொடுக்க வேண்டும். 7எஸ்26 போலக் கையால் சாவி கொடுக்கவே முடியாத ஆட்டோமேட்டிக்கானால் முதலில் ஒரு நாள் முழுதும் கட்டி நடமாடிவிட்டுத் தொடங்க வேண்டும். பாதி சாவியில் எடுத்த அளவு பயன்படாது. இதற்கு ஒரு வாரத்துக்குமேல் ஆகாது.

இப்போது இரண்டு கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது மேற்சொன்ன வரிசையில் +22, +20, +17, +19 என்று காட்டுகிறது. இரண்டாவது +45, +38, −8, +3 என்று காட்டுகிறது. இரண்டின் சராசரியும் ஒன்றே: நாளுக்கு +19.5. கடையில் ஒரே ஒரு எண்ணாகச் சொன்னால் இரண்டும் சமமான கடிகாரங்கள். ஆனால் முதலாவதில் ரெகுலேட்டர் என்ற, வேகத்தைத் திருத்தும் நெம்பை 20 வினாடி குறைக்கும்படி நகர்த்தினால் அது +2, 0, −3, −1 என்று நிற்கும். ஒரு குரோனோமீட்டரோடு வைத்துப் பேசக்கூடிய கடிகாரம் அது. இரண்டாவதில் அதே வேலையைச் செய்தால் +25, +18, −28, −17. சராசரி பூச்சியமாகிவிட்டது, கடிகாரமோ அப்படியே இருக்கிறது. மேசை வேலை பார்ப்பவர் கையில் ஒரு விதமாகவும், நாள் முழுதும் நின்று பாடம் நடத்துபவர் கையில் வேறு விதமாகவும் அது ஓடும்.

காரணம் எளிது. ஹேர்ஸ்பிரிங்கின் வெளிச்சுற்று இரண்டு சிறு ஊசிகளுக்கு நடுவே செல்கிறது. ரெகுலேட்டர் நெம்பை நகர்த்தினால் அந்த ஊசிகள் நகர்ந்து, கம்பியில் வேலை செய்யும் நீளம் கூடும் அல்லது குறையும். நீளம் குறைந்தால் முந்தும், கூடினால் பிந்தும். இந்த மாற்றம் எல்லா நிலைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் மேலேயோ கீழேயோ தள்ளுமே தவிர, நிலைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைச் சுருக்காது. அந்த இடைவெளி வேறு இடங்களிலிருந்து வருகிறது. டயல் மேலே, டயல் கீழே என்ற இரண்டு படுத்த நிலைகளுக்குள் பெரிய வேறுபாடு இருந்தால், பேலன்ஸ் அச்சின் ஒரு முனை தேய்ந்திருக்கலாம், அல்லது அம்முனையைத் தாங்கும் கல்லில் அழுக்கோ எண்ணெயின்மையோ இருக்கலாம். நின்ற நிலைகளுக்குள் வேறுபாடு பெரிதானால், பேலன்ஸ் வீலின் ஒரு பக்கம் எடை கூடியிருப்பதோ ஹேர்ஸ்பிரிங் நடுவில் அமையாததோ காரணமாகலாம். எல்லாவற்றுக்கும் அடியில் வீச்சு என்ற ஒன்று இருக்கிறது.

வீச்சு என்பது பேலன்ஸ் வீல் ஒரு பக்கம் எத்தனை டிகிரி சுழன்று திரும்புகிறது என்பது. நல்ல நிலையிலுள்ள எந்திரம், முழுச் சாவியில் படுத்த நிலையில் 270 முதல் 310 டிகிரி வரை வீசும். நின்ற நிலையில் 20 முதல் 40 டிகிரி குறையும். 24 மணி நேரம் கழித்தும் 200-க்குக் கீழே இறங்கக் கூடாது. எடைச் சமனற்ற பேலன்ஸ் வீலின் பிழை, வீச்சு 220 டிகிரியை ஒட்டி இருக்கும்போது மறைந்துவிடுகிறது. அதற்கு மேலே ஒரு திசையிலும் கீழே எதிர்த்திசையிலும் அது திரும்புகிறது. அதனால்தான், வீச்சு குறைந்த ஒரு கடிகாரம் காலையில் சாவி கொடுத்ததும் முந்தி, இரவில் பிந்தி, நாள் கணக்கில் சரியாக ஓடுவதுபோல் நடிக்கிறது. வீச்சைக் காதால் அளக்க முடியாது. அதற்கு, டிக் ஒலியைக் கேட்டு அளக்கும் டைம்கிராஃபர் என்ற கருவி வேண்டும். சீனாவின் வெய்ஷி 1000 போன்ற சிறு கருவிகள் இப்போது பல கடைகளிலேயே இருப்பதால், அந்த அளவைக் கேட்டு வாங்குவது பெரிய கோரிக்கை அல்ல.

அந்தக் கருவி பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு துடிப்பிலும் உந்துதல் பெறும்போது பேலன்ஸ் வீல் சுழலும் கோணமான லிஃப்ட் ஆங்கிளை எந்திரத்துக்கு ஏற்ப அதில் உள்ளிட வேண்டும்: ஈட்டா 2824-2-க்கு 50, சீக்கோ 7எஸ்26-க்கு 53. கருவி தானாக 52-இல் நிற்கும். அப்படியே அளந்தால் வினாடிக் கணக்கு மாறாது, வீச்சு மட்டும் பத்து டிகிரி அளவுக்குத் தவறாகத் தெரியும். 260-ஐயும் 270-ஐயும் வைத்துச் சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

முதலில் காந்தம்

வழிகளை ஒப்பிடுமுன் விலக்க வேண்டிய ஒன்று உண்டு. சர்வீஸுக்குப் பின் சில நாள் ஒழுங்காக ஓடிய கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால், பெரும்பாலும் அது காந்தமேறிய கடிகாரம். ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, கம்பியில் வேலை செய்யும் நீளம் குறைந்துவிடுகிறது. கைப்பேசி உறை, மடிக்கணினி மூடி, ஒலிபெருக்கி, கைப்பையின் பூட்டு என்று காந்தம் இல்லாத இடம் இப்போது குறைவு. காந்தத் தாங்குதிறனுக்கான ஐஎஸ்ஓ 764 தரம்கூட, மீட்டருக்கு 4,800 ஆம்பியர் புலத்தைத் தாங்கியபின் ±30 வினாடி வரை பிழையை ஒப்புக்கொள்கிறது. சிறு திசைகாட்டி ஒன்றைப் பேலன்ஸ் வீலுக்கு அருகே கொண்டுபோய், முள் அசைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். காந்தம் நீக்க எந்த மெக்கானிக்குக்கும் ஒரு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் ரெகுலேட்டரைத் தொட்டால், அடுத்த முறை காந்தம் நீங்கும்போது கடிகாரம் நிமிடக் கணக்கில் பிந்தும்.

வெப்பத்தின் மேல் பழி போடுவதும் நம் ஊரில் வழக்கம். "வெயில் காலத்துல அப்படித்தான் சார் ஓடும்" என்ற பதில் ஒரு காலத்தில் பொருளுள்ளதாக இருந்தது: எஃகு ஹேர்ஸ்பிரிங்கும் பித்தளைப் பேலன்ஸ் வீலும் கொண்ட கடிகாரம், ஒரு டிகிரி சூடு ஏறினால் நாளுக்கு 11 வினாடி அளவுக்குப் பிந்தும். ஷார்ல் எடுவார் கியோம் கண்டறிந்த நிக்கல்-எஃகு உலோகக் கலவைகள் அவருக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசை வாங்கித் தந்தன. அந்த வழியில் வந்த ஹேர்ஸ்பிரிங்குகளில் இந்தப் பிழை டிகிரிக்கு ஒரு வினாடிக்கும் கீழே இறங்கிவிட்டது. தவிர, கையில் கட்டிய கடிகாரம் ஆண்டு முழுதும் உடற்சூட்டை ஒட்டியே இருக்கிறது. சித்திரை வெயிலைக் காரணம் சொல்பவர் வேறு எதையோ பார்க்கத் தவறியிருக்கிறார்.

காத்திருப்பது

"ரெண்டு நாள் கட்டிப் பாருங்க, செட் ஆயிடும்" என்பது மெக்கானிக்குகளின் நிலையான வாசகம். இதில் பாதி உண்மை. புதிதாகப் போட்ட எண்ணெய், பேலன்ஸ் வீலுக்கு உந்துதலைக் கடத்தும் பேலட் கற்களின் மேல் பரவுவதற்கும், சாவி கொடுத்தால் முறுக்கேறும் புதிய மெயின் ஸ்பிரிங் தன் இறுக்கத்தில் அமர்வதற்கும் சில நாள் ஆகலாம். அதனால்தான் ஒழுங்கான பட்டறையில் மூடிய கடிகாரத்தை உடனே கொடுத்தனுப்பாமல் பல நாள் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையை வாடிக்கையாளர் கையில் நடத்துவதுதான் இந்த வாசகத்தின் உட்பொருள் என்றும் சொல்லலாம்.

இரண்டு வாரம் காத்திருப்பதில் நட்டமில்லை, அந்த இரண்டு வாரமும் மேற்சொன்ன தாளில் அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்தால். அதன்பின் காத்திருப்பது வெறும் கால விரயம். சுத்தமான எந்திரம் தானாகவே 20 வினாடி திருந்துவதில்லை. மாதங்கள் கழித்து அதன் கணக்கு மாறினால், எண்ணெய் காய்ந்து வீச்சு இறங்குவதே காரணமாயிருக்கும். அதோடு, சர்வீஸுக்குக் கொடுத்த உத்தரவாதக் காலமும் கரைந்துகொண்டிருக்கிறது.

வைக்கும் நிலையால் ஈடுகட்டுவது

செலவே இல்லாத வழி இதுதான். ஏனோ பலருக்கு இது தோன்றுவதில்லை. கையில் இருக்கும்போது முந்துகிற கடிகாரத்தை, அது பிந்துகிற நிலையில் இரவில் வைத்தால் விடியும்போது கணக்கு நேராகிவிடும். நின்ற நிலைகளில் உராய்வு கூடுவதால் பெரும்பாலான கடிகாரங்கள் அங்கே சற்றுப் பிந்தும். ஆயினும் எந்த நிலை என்று பொது விதி சொல்ல முடியாது, அவரவர் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. முந்துவதை ஈடுகட்டப் பிந்துகிற ஒரு நிலையாவது வேண்டும். மேலே கண்ட முதல் கடிகாரம் எல்லா நிலையிலும் 17-க்குமேல் முந்துவதால் அதை எப்படி வைத்தாலும் பயனில்லை. இரண்டாவதை எட்டு மணி நேரம் சாவி கீழ்நோக்கி நிற்க வைத்தால் மூன்று வினாடி அளவுக்குக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆகவே இது நாளுக்கு நான்கைந்து வினாடி பிழையுள்ள, ஏற்கெனவே நல்ல கடிகாரத்துக்கு ஏற்ற வழி. அந்த அளவிலுள்ள கடிகாரத்தை மீண்டும் திறக்கச் சொல்வதைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

செய்தவரிடமே திரும்பப் போவது

பெரும்பாலோருக்கு இதுவே சரியான வழி. ஆனால் எப்படிப் போகிறோம் என்பதில் பாதி விளைவு அடங்கியிருக்கிறது. "ஃபாஸ்டா ஓடுதுண்ணே" என்று சொல்லிக் கொடுத்தால், அவர் பின்மூடியைத் திறந்து, நெம்பைக் கண்ணளவில் ஒரு தட்டுத் தட்டி மூடிக் கொடுப்பார். முதல் வகைக் கடிகாரத்துக்கு அது போதும். இரண்டாம் வகைக்கு அது நோயை மறைக்கும் மருந்து. நான்கு நிலைகளின் அளவுகளையும் எழுதிய தாளைக் கையில் கொடுத்து, "படுக்க வெச்சா நாப்பது ஓடுது, நிக்க வெச்சா கொறையுது" என்று சொன்னால் பேச்சின் தரமே மாறிவிடும். தொழில் தெரிந்தவர் அந்தத் தாளைப் பார்த்ததும் பேலன்ஸைக் கழற்றும் வேலை என்று புரிந்துகொள்வார். தெரியாதவர் தாளைப் படிக்காமலே மடித்து வைப்பார். இரண்டுமே நமக்குத் தகவல்தான்.

டைம்கிராஃபர் இல்லாத பழைய மெக்கானிக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். டிக் ஒலி நொண்டுவதைக் காதிலேயே பிடித்து, சுவரில் மாட்டிய குவார்ட்ஸ் கடிகாரத்தோடு நான்கு நாள் ஒப்பிட்டு, எச்எம்டியைப் பத்து வினாடிக்குள் கொண்டுவரும் கைகள் இன்னும் நம் ஊர்களின் பேருந்து நிலையப் பெட்டிக் கடைகளில் இருக்கின்றன. கருவி வாங்கியும் டயல் மேலே இருக்கும் ஒரே நிலையை மட்டும் பார்த்து, திரையில் பூச்சியம் வந்ததும் மூடிவிடுகிற கடைகளும் இருக்கின்றன. கடிகாரம் மேசையில் டயல் மேலே பார்க்க ஓடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

திரும்பக் கொடுக்கும்போது கேட்க வேண்டியது: முழுச் சாவியிலும் ஒரு நாள் கழித்தும், குறைந்தது மூன்று நிலைகளில் வினாடிக் கணக்கும் வீச்சும் பீட் எரரும். பீட் எரர் என்பது டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள நேர இடைவெளியின் சமனின்மை, 0.6 மில்லி வினாடிக்குக் கீழே இருந்தால் நல்லது. ஹேர்ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் கை நகராத வகையாக இருக்கிற பழைய எந்திரங்களில் இதைச் சரிசெய்யப் பேலன்ஸையே வெளியே எடுத்து, அச்சின் மேல் ஹேர்ஸ்பிரிங்கைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பி வளையும் ஆபத்து உண்டு. அத்தகைய எச்எம்டியில் பீட் எரர் 1.5 என்று இருந்து, கடிகாரம் உடனே ஓடத் தொடங்கி, நிலைகளுக்குள் வேறுபாடும் சிறிதாக இருந்தால், அதை அப்படியே விடச் சொல்வதே புத்திசாலித்தனம்.

வீச்சு முழுச் சாவியிலேயே 220-க்குக் கீழே என்றால் பேச வேண்டியது ரெகுலேஷனைப் பற்றி அல்ல. கழுவாமல் மேலோட்டமாக எண்ணெய் விட்டிருக்கலாம், மெயின் ஸ்பிரிங் களைத்திருக்கலாம், எண்ணெய் கூடாத இடத்தில் வழிந்திருக்கலாம். சர்வீஸ் என்று காசு வாங்கிய வேலையை மீண்டும் செய்யச் சொல்வது உரிமை. அதை முதல் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

தானே திருத்துவது

பின்மூடியைத் திறந்தால் பேலன்ஸ் வீலுக்கு மேலே சிறு நெம்பு தெரியும். பக்கத்தில் + − என்றோ எஃப், எஸ் என்றோ குறி இருக்கும். மூங்கில் குச்சியால் அதைத் தொட்டு நகர்த்துவதுதான் வேலை. இவ்வளவுதானா என்று தோன்றும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மயிரிழை நகர்த்தினால் நாளுக்குப் பத்து, இருபது வினாடி மாறும். கண்ணுக்கு நகர்ந்ததாகத் தெரியும் அளவு நகர்ந்தால் நிமிடக் கணக்கில் போய்விடும். சீக்கோ 7எஸ்26-இல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கைகள் உண்டு: ஒன்று ரெகுலேட்டர், மற்றது ஹேர்ஸ்பிரிங் முனையைத் தாங்குவது. இரண்டாவதைத் தள்ளிவிட்டால் பீட் எரர் எகிறும். திருப்புளி நழுவி ஹேர்ஸ்பிரிங்கில் விழுந்தால் அந்தக் கடிகாரத்துக்கு மறுபடியும் முழுச் சர்வீஸ் செலவு. எச்எம்டியானால் மாற்றுப் பேலன்ஸ் தேடி அலையும் வேலை வேறு, ஏனெனில் எச்எம்டி வாட்சஸை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு உதிரிபாகங்கள் பெரும்பாலும் பழைய இருப்பிலிருந்தும் உடைத்த கடிகாரங்களிலிருந்துமே வருகின்றன.

கணக்கு பார்த்தால், ஒரே கடிகாரத்தை ஒரே முறை திருத்துவதற்காக டைம்கிராஃபரும் மூடி திறக்கும் கருவியும் வாங்குவது வீண். நான்கைந்து கடிகாரங்கள் வைத்திருப்பவருக்கு, கெட்டாலும் கவலையில்லாத ஒரு பழைய எந்திரத்தில் கை பழகியபின், இது பொருந்தும். கைப்பேசிச் செயலிகளும் உண்டு. அமைதியான அறையில் ஒலிவாங்கியைப் பின்மூடியோடு ஒட்டி வைத்தால் வினாடிக் கணக்கை ஓரளவு சரியாகவே சொல்லும், வீச்சை நம்ப முடியாது. நீர்புகாத வகைக் கடிகாரமானால் மூடியைத் திறந்தபின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு அழுத்தச் சோதனை செய்யாதவரை அதை நீர்புகாதது என்று நினைக்கக் கூடாது. உத்தரவாதத்தில் இருக்கும் கடிகாரத்தைத் திறந்தால், அதன்பின் வரும் எந்தக் குறைக்கும் திறந்தவரே பொறுப்பாகிவிடுவார். இந்தக் காரணம் ஒன்றே பலருக்குப் போதும்.

நிறுவனத்தின் சர்வீஸ் மையம்

விலை உயர்ந்த சுவிஸ் கடிகாரத்துக்கு இதைத் தவிர்ப்பது கடினம். ரோலெக்ஸும் ஒமேகாவும் சர்வீஸுக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. கணக்கு தவறினால் கேட்க இடமிருக்கிறது. மேலும், அவற்றின் பல எந்திரங்களில் ரெகுலேட்டர் நெம்பே கிடையாது. பேலன்ஸ் வீலின் உட்புறத்திலுள்ள சிறு எடைகளைத் தனிக் கருவியால் திருப்பித்தான் வேகத்தை மாற்ற முடியும். அந்தக் கருவி இல்லாத கடையில் அதைக் கொடுப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சீக்கோ 5 அளவிலுள்ள கடிகாரத்துக்குக் கணக்கு வேறு. அங்கே சர்வீஸ் கட்டணம் கடிகாரத்தின் விலையை நெருங்கிவிடும். கழுவி எண்ணெயிடுவதைவிட எந்திரத்தையே மாற்றுவது மலிவாக முடிவதும் உண்டு. புதிய எந்திரம் நன்றாகவே ஓடும், ஆனால் அதுவும் நிறுவனத்தின் அகன்ற எல்லைக்குள் எங்கோ ஓரிடத்தில் நிற்கும். முன்பு 20 முந்தியது இப்போது 15 பிந்தினால் குறை சொல்ல வழியில்லை. சராசரி மட்டுமே தவறியிருக்கும் கடிகாரத்தை அங்கே அனுப்புவதில் பொருளில்லை. நிலைகளுக்குள் வேறுபாடு பெரிதாக இருந்து, உள்ளூர் மெக்கானிக்கும் கைவிரித்துவிட்டால், மாற்று எந்திரமே முறையான தீர்வு.

எந்த வழியில் திருத்தினாலும், கொஞ்சம் முந்தும்படி நிறுத்தச் சொல்வது நல்லது. நாளுக்கு நான்கைந்து வினாடி முந்துகிற கடிகாரத்தை வாரம் ஒருமுறை சாவியை இழுத்து அரை நிமிடம் நிறுத்தினால் சரியாகிவிடும், முள் நிற்காத எந்திரமாக இருந்தால் ஒரு நிமிடம் சேரும்வரை பொறுத்து முள்ளைத் திருப்பலாம்; பிந்துகிற கடிகாரமோ பேருந்தைத் தவறவிட வைக்கும். கடிகாரம் திரும்பி வந்ததும் அதே நான்கு நிலைகளில் மறுபடி அளந்து, பழைய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு எண்களும் ஒன்றாக இறங்கியிருந்தால் நெம்பை மட்டும் நகர்த்தியிருக்கிறார்கள். அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி சுருங்கியிருந்தால்தான் பேலன்ஸில் கைவைத்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.